அண்ணியின் கார் எழும்பிய ஞாயிற்றுக்கிழமை

என் நாத்தனாருக்கு ஒரு நாற்காலியைப் பார்த்தால் போதும். அதில் யார் அதிக நேரம் உட்காருகிறார், எந்தப் பக்கம் சாய்கிறார், எழும்போது எந்தக் கையை ஊன்றுகிறார் என்று சொல்லிவிடுவார். ஒரு முறை பல் டாக்டர் ஒருவர் தன் ஆஸ்பத்திரி நாற்காலியை மேலுறை மாற்ற அனுப்பியிருந்தார். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இந்த டாக்டருக்குப் பொறுமையே கிடையாது. கைப்பிடியைப் பாரு" என்றார். கைப்பிடி இரண்டிலும் நகம் பதிந்து பதிந்து குழி விழுந்திருந்தது.

சோஃபா கடையில் தையல் வேலை அவருக்கு. முப்பத்தொரு வருஷமாக ஒரே கடை, ஒரே மெஷின். என் கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுகிறேன். கல்யாணமாகி எட்டே மாதத்தில் ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். ஏன் என்று கேட்பவர்களிடம், "அந்த வீட்டுல ஒரு நாற்காலிகூட நாலு காலையும் ஊனி நிக்காது" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை. கேட்டால் தங்கள் வீட்டு நாற்காலியைப் பற்றி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயம்.

அவர் தைத்தால் தையல் கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தை உள்ளே மடித்து, மடிப்பை இன்னொரு மடிப்பால் மூடி, தோல் தானாகவே அங்கே முளைத்தது போலச் செய்துவிடுவார். "தையல் தெரிஞ்சா அது துணி. தெரியலன்னாத்தான் வேலை" என்று கடைப் பெண்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார். அவர்கள் அதை அவர் இல்லாதபோது அவர் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

கார் வந்ததும் அந்தப் பல் டாக்டரிடமிருந்துதான். இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, மழை வந்தால் இழுத்து மூட ஒரு துணி மட்டும். ஒரு காலத்தில் பச்சை நிறமாக இருந்திருக்கும். தரைக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கும். உட்கார்ந்தபடியே கையை வெளியே நீட்டி ரோட்டில் கிடக்கும் கல்லைப் பொறுக்கலாம். டாக்டருக்கு முதுகுவலி வந்து, ஏறினால் இறங்க முடியாமல், இறங்கினால் நிமிர முடியாமல் போய்விட்டது. சீட் தைக்க விட்ட இடத்திலேயே அண்ணிக்கு விற்றுவிட்டார். அது நடந்து பதினோரு வருஷம் ஆகிறது.

அண்ணி அதற்கு உள்பக்கம் முழுவதும் கருஞ்சிவப்புத் தோல் போட்டார். சீட்டுக்குப் பின்னால் ஒரு குட்டித் தட்டு உண்டு. பிள்ளையையும் உட்கார வைக்க முடியாது, பெட்டியும் வைக்க முடியாது. சும்மா ஒரு தட்டு. அதில் இரண்டு இடத்தில் மேடாக இருந்தது. ஸ்பாஞ்சைக் குடைந்து பொருத்தி மேட்டைச் சமன் செய்து, அதன்மேல் தோலைத் தைத்து இழுத்து ஒட்டினார். குளத்துத் தண்ணீர் போல வழவழவென்று வந்தது. கடையில் புதிதாகச் சேரும் பெண்களை முதல் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு ஷெட்டுக்கு அழைத்து வந்து, "இதுல தையல் எங்க இருக்குன்னு கண்டுபிடி. கண்டுபிடிச்சா ஒரு மாசம் டீ நான் வாங்கித் தர்றேன்" என்பார். இதுவரை யாருக்கும் டீ கிடைக்கவில்லை.

இரண்டு வருஷம் அந்தக் காரை ஓட்டினார். அண்ணி ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் தங்கள் காலுக்குக் கீழே ஒரு பிரேக்கைத் தேடுவது வழக்கம். ஒரு நாள் என் கணவர் அப்படித் தேடி அழுத்தியதில் தரை பிளந்துகொண்டது. வலது கால் முழங்கால் வரை ரோட்டுக்குப் போய்விட்டது. கால் திரும்பி வந்தது, செருப்பு வரவில்லை. அன்று முதல் அவர் அந்தக் காரைச் 'செருப்புத் திருடி' என்றுதான் சொல்வார்.

இரண்டு தெரு தள்ளிப் பட்டறை வைத்திருக்கும் வெல்டர் வந்து, அடியில் படுத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். இந்த மாதிரிக் கார் இரண்டு துண்டு. மேலே நாம் பார்ப்பது பாடி; அது சட்டை மாதிரி. அடியில் சக்கரத்தையும் எஞ்சினையும் தாங்கும் இரும்புச் சட்டம் சேஸ்; அது எலும்பு மாதிரி. "எலும்புல சொத்தை விழுந்திருக்கு. மேல இருக்கறதை முழுசாத் தூக்கி எடுத்தாத்தான் நான் கீழ கை வைக்க முடியும்" என்றார் வெல்டர். பல் டாக்டர் காருக்குச் சொத்தை என்று நாங்கள் சிரித்தோம்.

அந்த வருஷமே என் மாமியார் படுக்கையில் விழுந்தார். ஏழு வருஷம். பகலில் நான் பார்த்துக்கொண்டேன், வேலை முடிந்து வந்து அண்ணி பார்த்துக்கொண்டார். காருக்கு ஒரு மூடாக்கு தைத்துப் போட்டுவிட்டு, புதுப் பெண்களுக்குப் பின்தட்டைக் காட்டுவதற்குத் தவிர அந்தப் பக்கமே போகவில்லை. மாமியார் போன பிறகும் இரண்டு வருஷம் அப்படியே போனது. ஷெட்டில் ஒரு ஆள் படுத்துத் தூங்குவது போல மூடாக்குக்குள் கிடந்தது கார்.

எங்கள் வீட்டில் சமையலறையோடு சேர்த்து மூன்று அறை. என் மகள் நடையில் மடக்குக் கட்டில் போட்டுத்தான் படுப்பாள். காலையில் அவள் எழுந்து கட்டிலை மடக்கினால்தான் மற்றவர்கள் குளியலறைக்குப் போக வழி. அவளுக்குப் பதினைந்து வயது, அடுத்த வருஷம் பெரிய பரீட்சை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது என் கணவர் தட்டைப் பார்த்தபடியே, பழைய இரும்புக்காரரிடம் பேசிவிட்டதாகவும், அடுத்த வாரம் கழித்துத் திங்கட்கிழமை காலை லாரியோடு வந்து காரை எடுத்துப் போவார் என்றும், ஷெட்டை மகளுக்கு அறையாக்கப் போவதாகவும் சொன்னார். வேண்டுமென்றே மகள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் சொன்னார்.

அண்ணி கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். கோபமே இல்லை.

"உனக்கு ஷெட் வேணும். எனக்குக் கார் வேணும். ரெண்டும் நடக்கும்டா தம்பி" என்றார். "பாடியைத் தனியாத் தூக்கிட்டா அது கொல்லைப்புறத்துல நிக்கும். சேஸ் வெல்டர் பட்டறைக்குப் போயிடும். ஷெட் காலி."

"ஒன்பது வருஷமாத் தூக்காததை ஒன்பது நாள்ல தூக்கப் போறியா?"

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. பாடி வேற, சேஸ் வேற. இல்லன்னா திங்கக்கிழமை காலைல அந்த இரும்புக்காரனுக்கு நானே கேட்டைத் திறந்து விடறேன். போதுமா?"

என் கணவர் தலையை ஆட்டினார். அக்கா சொன்ன சொல்லை மாற்றமாட்டார் என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் முகம் கொஞ்சம் வாடியது என்று நினைக்கிறேன்.

முப்பத்தொரு வருஷத்தில் முதல் முறையாக அண்ணி ஒரு வாரம் முழுக்க லீவு போட்டார். நானும் என் கம்பெனியில் மூன்று நாள் லீவு சொல்லிவிட்டு வந்தேன். நான் வேலை செய்வது அட்டைப்பெட்டி செய்யும் இடத்தில். கிழிந்த அட்டைக்குப் பஞ்சமில்லை. கழற்றுகிற போல்ட்டெல்லாம் ஒரு டப்பாவில் விழுந்தால் பிறகு எது எங்கே என்று கடவுளுக்குத்தான் தெரியும் என்று தோன்றியது. பாகங்களின் பெயரை எழுத எனக்கு வராது. ஆனால் பார்த்ததை வரைய வரும். ஒரு பெரிய அட்டையில் சேஸைக் கீழேயிருந்து பார்த்தபடி வரைந்தேன். சேஸின் இரண்டு பக்கமும் கை நீட்டியது போல ஆறு ஆறு இரும்புத் தாங்கிகள். பாடி அந்தக் கைகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு கைக்கும் ஒரு வட்டம் போட்டேன். அண்ணி கழற்றித் தருகிற போல்ட்டை அந்தந்த வட்டத்தில் குத்தி வைத்தேன்.

"இவ பூனை. சத்தமே இல்லாம எல்லாத்தையும் பாத்துட்டு உக்காந்திருப்பா" என்றார் அண்ணி, ஸ்பேனரைப் பல்லில் கடித்தபடி. என்னைப் பூனை என்றுதான் கூப்பிடுவார். நான் நடந்தால் சத்தம் வராது என்பார்.

திங்கட்கிழமை சீட்டு, கதவு, முன்மூடி எல்லாம் இறங்கியது. செவ்வாய் ஸ்டீரிங் தண்டு, ஹேண்ட் பிரேக் கேபிள், பெட்ரோல் குழாய். புதன்கிழமை வயர்கள். ஒவ்வொரு வயர் முனையிலும் நிறம் நிறமாகத் தையல் நூல் கட்டி வைத்தார் அண்ணி. சிவப்பு நூல் சிவப்பு நூலோடு, மஞ்சள் மஞ்சளோடு. திரும்ப மாட்டும்போது யோசிக்கவே வேண்டாம். துருப்பிடித்த போல்ட் ஒவ்வொன்றுக்கும் காலையில் எண்ணெய் விடுவது, மத்தியானம் விடுவது, சாயங்காலம் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. அவர் எந்த போல்ட்டோடும் சண்டை போடவில்லை. "அவசரப்பட்டா உடையும். நீ அசையற வரைக்கும் நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று போல்ட்டிடமே சொல்வார். என் மாமியாருக்கு மாத்திரை கொடுக்கும்போதும் இப்படித்தான் சொல்வார். மாமியாரும் கடைசியில் வாயைத் திறந்துவிடுவார்.

கூரையில்லாத காருக்கு ஒரு ஆபத்து உண்டு. மேல்மூடி இல்லாத அட்டைப்பெட்டியை இரண்டு முனையில் பிடித்துத் தூக்கினால் நடுவில் தொய்யும், அப்படித்தான் இதுவும். ஒரு முறை தொய்ந்துவிட்டால் பிறகு கதவு ஆயுசுக்கும் மூடாது. அதனால் வெல்டர் இரண்டு இரும்புக் குழாய் செய்து தந்தார். கதவின் கீல் இருந்த ஓட்டையிலிருந்து பூட்டு மாட்டும் ஓட்டை வரை, ஒவ்வொரு பக்கமும் குழாயைக் குறுக்கே வைத்து முறுக்கினார் அண்ணி. அதற்கு முன் நான் கதவிடைவெளியின் நீளத்துக்குச் சரியாக அட்டையில் இரண்டு பட்டை வெட்டி வைத்தேன், பிறகு பொருத்திப் பார்க்க.

தூக்குவதற்குக் கயிறு வேண்டாம் என்று, பழைய பஸ் சீட் பெல்ட்டுகளை நாலு மடிப்பாகத் தைத்து நான்கு தொட்டில் செய்தார் அண்ணி. தாங்குமா என்று என் கணவர் கேட்டார். அண்ணி ஒன்றை ஷெட் விட்டத்தில் மாட்டி, அதில் ஏறி உட்கார்ந்து ஆடிக்கொண்டே ஒரு டம்ளர் டீயைக் குடித்து முடித்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் அட்டையில் பத்து போல்ட் இருந்தது. பின்பக்கம் இரண்டு வட்டம் காலி. நான் அடியில் படுத்துப் போய்ப் பார்த்தேன். அந்த இரண்டு கையிலும் தாரும் சேறும் காய்ந்து கட்டிப் பிடித்திருந்தது. உள்ளே நட்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. வெளியே வந்து, "அண்ணி, பின்னாடி ரெண்டு கை காலியா இருக்கு" என்றேன். அண்ணி அப்போது சுத்தியலோடு ஒரு குழாயைத் தட்டிக்கொண்டிருந்தார். "ம்" என்றார். கேட்டுத்தான் சொன்னார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு முறை சொன்னதை இரண்டாவது முறை சொல்ல எனக்கு எப்போதும் வாய் வருவதில்லை.

உள்ளே தோல் எல்லாவற்றையும் அண்ணி உரித்திருந்தார், பின்தட்டைத் தவிர. அதை உரித்தால் கிழிந்துவிடும். "அது பாட்டுக்கு பாடியோட போகட்டும். அது யார் வழியிலயும் இல்ல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுத்த வீட்டுக் கொத்தனார் சாரக் குழாய்களைக் கொண்டுவந்து ஷெட்டுக்குள் ஒரு பெரிய சட்டம் கட்டினார். இந்தக் கொத்தனாருக்குத் தெருவில் ரசமட்டம் என்று பேர். சட்டைப்பையில் மட்டம் பார்க்கும் ஒரு குட்டி ரசமட்டம் எப்போதும் இருக்கும். டீக்கடை மேஜையில்கூட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் டம்ளரை வைப்பார். ஷெட்டில் காருக்கு இரண்டு பக்கமும் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையும் இடம்தான். ஆட்கள் நின்று தூக்க முடியாது. அதனால் சங்கிலியை இழுத்தால் பாரத்தைத் தூக்கும் கப்பி, செயின் பிளாக், முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இரண்டையும் ஒரே அளவாக இழுத்துப் பாடியை இடுப்பு உயரம் தூக்க வேண்டும். சேஸ் தன் சக்கரத்திலேயே நிற்கும். அதை வெளியே உருட்டிவிட்டு, சோஃபா சக்கரம் பூட்டிய மரச்சட்டத்தை அடியில் தள்ளி, பாடியை அதன்மேல் இறக்க வேண்டும். இதுதான் திட்டம்.

கடையிலிருந்து நான்கு பெண்கள் வந்தார்கள். எல்லோரும் பின்தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தோற்றவர்கள்தான். என் கணவர் கேட் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்குச் சங்கிலி இறுகியது. முன்பக்கம் ஒரு விரல் எழுந்தது. பிறகு நாலு விரல். பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்ததும் பெண்கள் கை தட்டினார்கள். அண்ணி பின்பக்கச் சங்கிலியைத் தானே பிடித்து இழுத்தார். எதுவும் எழவில்லை. இன்னும் இழுத்தார். ரசமட்டம் பாடியின் ஓரத்தில் மட்டத்தை வைத்துப் பார்த்து, முன்னால் தூக்கியது போதும், பின்னால் ஒரு நூல்கூட வரவில்லை என்றார்.

"பாடிக்கும் சேஸுக்கும் நடுவுல இருக்கற ரப்பர் ஒட்டிப் பிடிச்சிருக்கும். ஒன்பது வருஷமாச்சே. இன்னும் ரெண்டு இழுப்பு" என்றார் அண்ணி.

ஒரு இழுப்பு இழுத்தார். இடது கதவுக்குப் போட்டிருந்த இரும்புக் குழாய் முனகியது. கதவிடைவெளியின் பின்மூலையில் பழைய பச்சைப் பெயிண்டில் முடி போல ஒரு விரிசல் ஓடியது. நான் பின்சக்கரத்தைப் பார்த்தேன். நசுங்கிக் கிடந்த டயர் கொஞ்சம் உருண்டையாகியிருந்தது. சேஸும் சேர்ந்து எழுந்துகொண்டிருந்தது. ரப்பர் அவ்வளவு பிடிக்காது.

"விடுக்கா, வேண்டாம்" என்றார் என் கணவர்.

"நீ சும்மா இருடா" என்று அண்ணி மறுபடி சங்கிலியில் கையை வைத்தார்.

நான் போய் அவர் கைமேல் என் கையை வைத்தேன். "அண்ணி, ரெண்டு போல்ட் பாக்கி" என்றேன்.

"என்னது?"

"ரெண்டு போல்ட் பாக்கி இருக்கு. இழுக்காதீங்க." இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. எனக்கே கேட்டது.

அட்டையை எடுத்து வந்து காட்டினேன். பத்து போல்ட், இரண்டு காலி வட்டம். அண்ணி அட்டையை வாங்கிக் காருக்குப் பக்கத்தில் பிடித்து, காலி வட்டம் இரண்டும் மேலே எங்கே வருகிறது என்று கண்ணாலேயே அளந்தார். கண் போய்ப் பின்தட்டில் நின்றது. பிறகு சிரித்தார்.

"ரெண்டு மேடு இருந்துதே, ஸ்பாஞ்ச் வச்சு மறைச்சேனே. அது மேடு இல்ல. போல்ட்டுத் தலை."

கடைப் பெண்களில் ஒருத்தி, அடியிலேயே அறுத்துவிடலாம், தோல் மேல் கை வைக்க வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னாள். அண்ணி, மேலே பிடிப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் அடியில் அறுப்பது குருட்டு வேலை என்றார். முதலில் சங்கிலி இரண்டையும் தளர்த்திப் பாடியைப் பழையபடி உட்கார வைத்தார். பையிலிருந்து தோல் வெட்டும் கத்தியை எடுத்தார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்தட்டின் நடுவில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே கோடாகக் கிழித்தார். கிழித்துத் திறந்தபின், தோலின் ஒரு ஓரத்தைத் தூக்கிப் பிடித்து அந்தப் பெண்ணிடம் காட்டினார்.

"தையல் இங்க இருக்கு, பாத்துக்க. டீ கிடையாது, நானே கண்டுபிடிச்சுட்டேன்."

ஸ்பாஞ்ச் கறுத்துப் போயிருந்தது. கூரையில்லாத காரில் இரண்டு வருஷ மழையும் அதற்குள்ளேதான் இறங்கியிருக்கிறது. பிழிந்து எடுத்த மாதிரி ஒரு துரு வாடை. இரண்டு போல்ட்டுத் தலையும் கரித்துண்டு போல இருந்தன. எண்ணெய் விட்டார், தட்டினார், அரை மணி காத்திருந்தார். வலதுபக்கத்தது முனகிக்கொண்டே திரும்பியது. இடதுபக்கத்தது ஸ்பேனரை வைத்ததும் மூலைகள் உதிர்ந்து உருண்டையாகிவிட்டது. பிடிக்க ஒன்றுமில்லை. மணி நாலரை.

இனி ஒரே வழி. பாடிக்கும் சேஸுக்கும் நடுவில் ஒரு விரல் தடிமனில் ரப்பர் இருக்கிறது. அடியில் படுத்து, ரப்பரோடு சேர்த்து போல்ட்டின் உடம்பை ரம்பத்தால் அறுக்க வேண்டும். ரம்பத்தின் சட்டம் அந்த இடுக்கில் நுழையாது. வெறும் பிளேடைத் துணி சுற்றிக் கையில் பிடித்துத்தான் அறுக்க வேண்டும். ரசமட்டம் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் அடைத்தார். அண்ணி அடியில் போய்ப் படுத்தார்.

பத்து நிமிஷம் கேட்டுக்கொண்டே நின்றோம், பிளேடின் சத்தம் மட்டும். அண்ணி வெளியே வந்து கையை உதறினார். அடுத்து நான் போனேன். பிறகு கடைப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம். இரண்டு பிளேடு முறிந்தது. ஐந்து மணிக்கு அண்ணி மறுபடி போனபோது பாதிதான் அறுந்திருந்தது. அண்ணியின் வலது தோள் வருஷக்கணக்காகத் தைத்துத் தைத்துத் தேய்ந்த தோள். சத்தம் மெலிந்துகொண்டே வந்தது, நின்று நின்று வந்தது. நிறுத்தச் சொன்னால் கேட்கமாட்டார்.

என் கணவர் கட்டிய கையைப் பிரித்தார். நல்ல சட்டை போட்டிருந்தார். அப்படியே குனிந்து அடியில் பார்த்து, "தள்ளிக்கோக்கா" என்றார்.

"உனக்கு எதுக்கு? இன்னும் ஒரு மணி நேரத்துல உனக்கு ஷெட் கிடைக்கப் போகுது."

"ஷெட் ரெண்டு வழியிலயும் எனக்குத்தான். தள்ளு."

அவர் படுத்தார். எனக்கு அவர் கால் மட்டும் தெரிந்தது. பிளேடு வேகமாகப் போனது, மூச்சும் சேர்ந்து கேட்டது. நடுவில் ஒரு முறை நின்று, "அக்கா, இங்கேருந்து பாத்தா என் கால் போன ஓட்டை தெரியுது" என்றார். அண்ணி, செருப்பு கிடைத்தால் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். கடைப் பெண்கள் சிரித்த சிரிப்பில் டக்கென்று கேட்ட சத்தத்தை நாங்கள் கவனிக்கவில்லை. அவர்தான் கத்தினார், அறுந்துவிட்டது என்று.

மணி ஐந்து நாற்பது. இந்த முறை பின்பக்கச் சங்கிலியை என் கணவரும் ரசமட்டமும் பிடித்தார்கள், முன்பக்கத்தை அண்ணி. ஒரு இழுப்புக்கு ஒரு இழுப்பு. பாடி எழுந்தது. ஒரு முனகல் இல்லை. காய்ந்த சேறு மட்டும் பொலபொலவென்று கொட்டியது. முழங்கால் உயரம், பிறகு இடுப்பு உயரம். அடியில் சேஸ் தன்னந்தனியாக, எஞ்சினைச் சுமந்துகொண்டு, உரித்த கோழி மாதிரி நின்றது. அதைத் தெருவுக்கு உருட்டினோம். மரச்சட்டத்தை உள்ளே தள்ளினோம். பாடி அதன்மேல் உட்கார்ந்தபோது ரசமட்டம் ஓடிப் போய் மட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்றது.

நான் அட்டைப் பட்டைகளை எடுத்துக் கதவிடைவெளியில் வைத்தேன். வலது பக்கம் உரசிக்கொண்டு நின்றது. இடது பக்கம், விரிசல் விட்ட பக்கம். அண்ணி என் தோளுக்குப் பின்னால் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். என் கழுத்தில் மூச்சே படவில்லை. பட்டை இரண்டு முனையிலும் தொட்டு, வளையாமல், விழாமல் நின்றது. விரிசல் பெயிண்டில்தான், தகட்டில் இல்லை.

"ஆறு அடிக்க ஏழு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள யாராவது டீ போடுங்க" என்றார் அண்ணி.

திங்கட்கிழமை காலை பழைய இரும்புக்காரர் லாரியோடு வந்துவிட்டார். அவரை வர வேண்டாம் என்று சொல்ல எல்லோரும் மறந்துபோனோம். அண்ணி சொன்னபடியே கேட்டைத் திறந்துவிட்டார். ஓட்டைப் புகைக்குழாயையும், துருப்பிடித்த தரைத்தகட்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். என் கணவரின் கால் போன தகடு அது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே தூக்கி லாரியில் போட்டார்.

சேஸை வெல்டர் பட்டறைக்கு அன்றே கொண்டுபோனோம். அதில் உட்கார இடமில்லை. அண்ணி ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து சேஸின் நடுவில் கட்டி, அதன்மேல் உட்கார்ந்து, ஸ்டீரிங்கைத் தற்காலிகமாக மாட்டிப் பிடித்துக்கொண்டார். பின்னால் நாங்கள் தள்ளினோம். கதவில்லை, சீட்டில்லை, சட்டையில்லை. தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. டீக்கடையில் ஒருவர், மீதிக் கார் எங்கே என்று கேட்டார். "கொல்லையில காயுது" என்று சொல்லிவிட்டு, திருப்பத்தில் கையை நீட்டி சிக்னல் காட்டிவிட்டு, நிதானமாக வளைத்தார் அண்ணி.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. ஷெட்டில் என் மகளின் கட்டில் இருக்கிறது, அதை மடக்க வேண்டியதில்லை. சேஸில் சொத்தை முழுவதையும் வெல்டர் வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்துவிட்டார். கறுப்புப் பெயிண்ட் அடித்து நிற்கிறது. அடுத்த மாதம் பாடி திரும்ப அதன்மேல் ஏறும். எங்கே வைத்து ஏற்றுவது என்று என் கணவர் கேட்டார். மகளை ஒரு நாள் நடையில் படுக்கச் சொல்லப் போவதாக அண்ணி சொன்னார். மகள் சரி என்றுவிட்டாள், காரில் முதல் சவாரி அவளுக்கு என்றால்.

போன வாரம் அண்ணி பின்தட்டுக்குப் புது மேலுறை தைத்து முடித்தார். பழைய தோலின் நிறமே. இந்த முறை திறந்தால் போல்ட் இரண்டும் கைக்கு எட்டும்படி, நடுவில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி ஒரு ஜிப் வைத்திருக்கிறார். கடைப் பெண்கள் அதைப் பார்த்துவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணி ஜிப்பை இழுத்துத் திறந்து, மூடி, திறந்து காட்டினார். நான் அட்டையை எடுத்து வந்திருந்தேன். அறுத்தெடுத்த ஒன்றுக்கும் துருப்பிடித்த இன்னொன்றுக்கும் பதிலாக வாங்கிய புது போல்ட் இரண்டும் காலியாக இருந்த வட்டத்தில் மின்னிக்கொண்டிருந்தன.

"பூனை, மொத்தம் எத்தனை?"

"பன்னெண்டு" என்றேன்.

"இன்னொரு தரம் சொல்லு."

"பன்னெண்டு அண்ணி."

"ம். கேட்டுது" என்று ஜிப்பை இழுத்து மூடினார்.